அவள் குரல் இறங்க இறங்க

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய புதிதில் எங்கள் மாதா கோயிலில் கிதார் வாசிக்க ஆள் இல்லை. எங்கள் தீவின் ஹேடோ துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த எனக்கு, கார்டு என்னும் சுரப்பிடிகளில் மூன்று தெரியும்: ஜி, சி, டி. கப்பல் சமையல்காரர் ஒருவர் தன் பழைய கிதாரை என்னிடம் விற்றபோது காட்டிக்கொடுத்தவை. விரலை எங்கே வைப்பது என்று தெரியும். ஏன் என்று தெரியாது. என் மனைவி பாடுவாள். அந்த மூன்றை வைத்தே இரண்டு வருடம் ஓட்டினோம்.

பிறகு அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் வால்வு சுருங்கியிருக்கிறது, மழை ஓய்ந்ததும் கப்பலில் மெட்ராஸுக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர்.

"இங்க பாருங்க, அந்த மேல் எடம் எட்டமாட்டேங்குது. கொஞ்சம் எறக்கி வாசிங்களேன்" என்றாள்.

எனக்கு இறக்கத் தெரியாது. அதைச் சொல்ல வெட்கம். "நீ ஒழுங்கா மூச்சப் புடிச்சுப் பாடு" என்று எரிந்து விழுந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டின் நடுவில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கோயிலில் ஹார்மோனியம் வாசித்தவர் ராஞ்சிக்காரர், என் வயதுதான், வனத்துறையில் மரம் அறுப்பவர். அவரிடம் போய் நின்றேன்.

"நாம் சோடோ பாய், கின்தி பகடோ. ஏக், சார், பாஞ்ச்" என்றார் இந்தியில்.

பெயரை விடு, எண்ணைப் பிடி. ஜி-யை ஒன்று என்று வைத்து அதன் சுர வரிசையில் எண்ணினால் நான்காவது சி, ஐந்தாவது டி. நான் அறியாமல் வாசித்துக்கொண்டிருந்தது அந்த ஒன்று, நான்கு, ஐந்தைத்தான். டி-யிலிருந்து எண்ணினால் டி, ஜி, ஏ. பாட்டு அதே பாட்டு. மொத்தமாகக் கீழே இறங்கி நிற்கும். இவ்வளவுதானா என்று இருந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் அவளைத் திட்டினேன்.

முதலில் எஃப்புக்கு இறக்கினேன். ஒரு மாதம் தாங்கியது. பிறகு ஈ. பிறகு டி. ஆறாம் எண்ணில் வரும், சோகச் சாயலுள்ள மைனர் கார்டையும் ராஞ்சிக்காரர் காட்டினார். முதல் கார்டின் மூன்று சுரங்களில் இரண்டு அதிலும் உண்டு. அதனால் பாட்டு உடையாமல் பக்கத்தில் செருகலாம். ஒவ்வொரு வரி முடிவிலும் அதைச் செருகி நீட்டினேன். அந்த நேரத்தில் அவள் மூச்சு வாங்கிக்கொள்வாள். கேட்பவர்களுக்குப் பாட்டே அப்படித்தான் என்று தோன்றும்.

"நல்லாருக்கே, எங்க புடிச்சீங்க இத?" என்று ஒருநாள் கேட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நான் அடுத்த வரியை வாசிக்க ஆரம்பித்தேன்.

மழை ஓயவில்லை. அதற்குள் அவள் போய்விட்டாள்.

அடக்கப் பூசையில் என்னையே வாசிக்கச் சொன்னார்கள். கை தானாக, அவள் கடைசியாகப் பாடிய டி-க்குப் போனது. பாடகர் குழுவுக்கு அது மிகவும் தாழ்வு. ஆண்கள் முனகினார்கள், பெண்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். ராஞ்சிக்காரர் ஹார்மோனியத்திலிருந்து என்னைப் பார்த்தார். ஏற்றி வாசிக்க இப்போது எனக்குத் தெரியும். நான் ஏற்றவில்லை.