என் படபடப்புக்குக் கிடைத்த கைதட்டல்

கள்ளக்குறிச்சி மைதானத்தில் மூன்றாவது சுற்றில்தான் முதன்முதலாகத் தெரிந்தது. நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு தவறியது, அடுத்தது குதித்துக்கொண்டு வந்தது. ஓடுவதை நிறுத்திக் குனிந்து நின்றேன். பயிற்சியாளர் என்ன என்று கேட்டார்.

"படபடப்பா வருது சார்," என்றேன்.

அந்த ஒரு சொல்லில் நான்கு மாதம் போயிற்று. வெள்ளிமலையில் எங்கள் வீட்டில் படபடப்பு என்றால் நெஞ்சு அடித்துக்கொள்வது. அவருக்கோ அது பயம். மலையிலிருந்து வரும் பெண்களுக்குக் கூட்டத்தைக் கண்டாலே நடுக்கம் என்பது அவர் எப்போதோ எட்டிவிட்ட ஞானம்.

"மனசுதான்மா எல்லாம். மிஷின கட்டிக்கினு உக்காரு, செரியாப் பூடும்," என்றார்.

சென்னையில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய் பயோஃபீட்பேக் (உடலின் துடிப்பைத் திரையில் பார்த்து, மூச்சால் அதை வசப்படுத்தும் பயிற்சி) கற்று வந்திருந்தார். இரண்டு நாளில் ஒழுங்காக வடை சுடக்கூட வராது. தெரிந்தவர் கையில் அது நல்ல பயிற்சியாம். எனக்குக் கிடைத்தவர் இவர்.

மார்பில் பெல்ட்டைக் கட்டி மெதுவாக மூச்சு விட வேண்டும். துடிப்புகளுக்கு இடையிலான நேரம் ஒரே அளவாக இல்லாமல் மூச்சோடு கூடிக் குறைந்தால் மனம் அமைதியாக இருக்கிறது என்று பொருள். கோடு பச்சையாகும், மதிப்பெண் ஏறும். என் மதிப்பெண் என்னோடு ஓடும் எல்லாருடையதையும் தாண்டியது. அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். தலை சுற்றிக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். அதை நினைத்தால் அவரைவிட என்மேல்தான் எரிச்சல் வருகிறது.

மாநிலத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் மைதானத்திலேயே மயங்கி விழுந்தேன். அம்மா என்னைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனார். அங்கே மருத்துவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"மனசுல பதற்றமா, நெஞ்சுல துடிப்பா? ரெண்டுக்கும் நாம ஒரே பேரத்தான் சொல்றோம்."

நான் நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். ஹோல்டர் (ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதியும் கருவி) மாட்டினார்கள். இதயத்தின் கீழறையிலிருந்து முறைதவறி முந்திக்கொண்டு வரும் மிகைத் துடிப்புகள் என்று தெரிந்தது. பயிற்சியாளரின் மிஷின் அந்தத் தப்புத் துடிப்புகளால் கூடிக் குறைந்த இடைவெளியை மன அமைதி என்று எண்ணித்தான் என்னை வானளாவப் புகழ்ந்திருக்கிறது. என் நோய்தான் அந்த மைதானத்தில் முதலிடம் வாங்கியது.

அப்லேஷன் (தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாய் செலுத்தி, கோளாறான இடத்தைச் சுட்டுச் சரிசெய்தல்) செய்தார்கள். மாநிலத் தேர்வு நடந்த அன்று வார்டில் காலை மடக்காமல் படுத்திருந்தேன். என் வயதுப் பிரிவில் அதுதான் கடைசி வாய்ப்பு. அம்மா பக்கத்தில் இருக்கும்போதே அழுதேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் படபடப்பு என்றால், எங்கே என்று மருத்துவரிடம் கை வைத்துக் காட்டுங்கள். பெல்ட்டை அப்புறம் கட்டிக்கொள்ளலாம்.

மூன்று மாதம் கழித்து, பயிற்சிச் சான்றிதழ் வாங்கப் போனபோது பயிற்சியாளர் விடாமல் பெல்ட்டைக் கட்டிப் பார்த்தார். மதிப்பெண் பாதிக்குக் கீழே இருந்தது.

"இன்னாம்மா, பழைய ஃபார்ம் போயிடுச்சே," என்றார்.

"வியாதிதான் சார் போயிடுச்சு," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. திரும்ப மூச்சு விடச் சொன்னார்.

இப்போது மலைச்சாலையில் கடிகாரம் கட்டாமல் ஓடுகிறேன். முன்பு ஓட்டத்தில் ஒரு நொடி குறைந்தால் போதும் என்று கிடப்பேன். இப்போது ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் நீண்ட நேரம் இருப்பதுபோல் படுகிறது. அடுத்தது வரும்வரை காத்திருக்கிறேன். தவறாமல் வருகிறது.