எகிப்துத் தோப்பு செங்கம்மாள்

வாளித் தண்ணீரை வாசலில் விசிறி அடித்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த கோலப்பொடி டப்பாவைத் திறக்கிறாள் செங்கம்மாள். கோலம் விழுவது தீப்ஸ் நகரத்தின் கோட்டை வாசலில். இரண்டு பக்கமும் தென்னை உயரத்துக்கு இரண்டு ராஜாக்கள், கைகளைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் காலடியில் ஒரு சிக்குக் கோலம். "வாசல்னு ஒண்ணு கீதுன்னா தெளிக்கணும். ராஜா வூடா இருந்தா இன்னா, பொம்ம வூடா இருந்தா இன்னா?" என்கிறாள், யாரும் கேட்காமலே.

திருவிடந்தையைத் தாண்டி, ஈசிஆரிலிருந்து கடல் பக்கம் பிரியும் மண் ரோட்டின் முடிவில் இருக்கிறது இந்த நகரம். ராணி கதை ஒன்றுக்காக ஒரு சினிமா கம்பெனி சவுக்குத் தோப்பை வளைத்துப் போட்டு, மூவாயிரம் வருடங்களுக்கு முன் நைல் நதிக்கரையில் கொடிகட்டிப் பறந்த தீப்ஸை மூங்கிலாலும் கோணியாலும் பிளாஸ்டராலும் எழுப்பியது. பாதிப் படத்தில் கம்பெனி கையை விரித்துவிட்டது. ராணி போனாள், சேனை போயிற்று, லைட்டுகளும் லாரி ஏறிப் போயின. ஊர் மட்டும் நின்றது. செட் போட்ட காலத்தில் பிளாஸ்டர் குழைத்துச் சட்டி சட்டியாகச் சுமந்த சித்தாள் செங்கம்மாளையே காவலுக்கும் இருக்கச் சொன்னார்கள். அக்கம்பக்கத்தில் இதற்கு எகிப்துத் தோப்பு என்று பெயர் விழுந்து வெகுநாளாகிறது.

ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான, விறைப்பான உடம்பு. புடவைக்கு மேலே எப்போதும் ஒரு முழுக்கைச் சட்டை. செத்துப்போன புருஷனுடையது, ஆள் ஆஜானுபாகு என்பதால் அவளுக்கு அது முழங்கால்வரை தொங்கும். கையில் தடி கிடையாது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி, நாய்க்குட்டியைக் கூட்டிப் போகிறவள் மாதிரி தெருத் தெருவாக இழுத்துக்கொண்டு நடப்பாள். செட் என்றால் ஆணி இல்லாத இடம் ஏது? சுற்று முடிந்ததும் காந்தத்தில் ஒட்டியதை உதறி டப்பாவில் போடுவாள்.

ஊரின் அமைப்பை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் ஆர்ட் டைரக்டரின் உதவியாளன் தீனதயாளன். நதிக்குக் கிழக்கே உயிரோடு இருப்பவர்கள். கோயில், அரண்மனை, சந்தடி எல்லாம் அங்கே. மேற்கே செத்தவர்கள், சூரியன் போய் விழுகிற பக்கம்தான் ராஜாக்களின் கல்லறைகள். அந்தக் கல்லறைகளை வெட்டிய கூலிக்காரர்களுக்கும் மேற்கேதான் குடியிருப்பு. இதைக் கேட்டதும் செங்கம்மாள் பலமாகச் சிரித்தாளாம். "எங்கூர்லயும் அப்டித்தான் சார். சுடுகாடு எங்க காலனி பக்கந்தான் கீது." தானியப்படி நேரத்துக்கு வராதபோது அந்த ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள் என்று தீனதயாளன் சொன்ன கதைதான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. "குந்தினானுங்க பாரு, அதான் கரெக்டு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். மற்ற சரித்திரத்தை அவள் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டுவிட்டாள். ராஜாக்களைப் போலவே ராணி சிலைக்கும் ஒட்டுத்தாடி வைத்திருப்பது குளிருக்காக என்பது அவள் கட்சி.

படுக்கை மேற்குக் கரையில், ராஜா கல்லறையில். மொத்த நகரத்திலும் ஒழுகாத இடம் அது ஒன்றுதான். நைல் நதி என்பது சிமெண்டுத் தொட்டி. மழை பெய்தால் தவளை கத்தும். கோயிலுக்குப் போகும் பாதையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆட்டுத்தலைச் சிங்கங்களைப் பார்க்கத் தினமும் நிஜ ஆடுகள் வருகின்றன. கொஞ்ச நேரம் வெறிக்கும், பிறகு பிளாஸ்டரை நக்கும். "தே, சாமிய நக்காத!" என்று அதட்டுவாளே தவிர, விரட்ட மாட்டாள்.

பெரிய கோயிலில் இருக்கும் அமுன் சாமியின் மேல் அவளுக்கு ஒட்டுதல் இல்லை. தீப்ஸில் அந்தச் சாமியை ராஜாவும் பூசாரிகளும்தான் உள்ளே போய்ப் பார்க்க முடியும். சனங்களுக்கு, திருவிழாவில் படகில் ஏற்றி வெளியே கொண்டுவந்தால்தான் உண்டு, அதுவும் மூடிய பெட்டிக்குள். "அப்பால அது இன்னாத்துக்கு நம்மளுக்கு?" என்று அதோடு விட்டுவிட்டாள்.

ஏழைகள் தெருவின் மூலையில் நிற்கும் சாமி வேறு. ஆள் உயரம்தான். நீர்யானை முகம், முதுகில் முதலை வால், சரிந்த மார்பு, முன்னால் தள்ளிய நிறைமாத வயிறு. பிரசவத்துக்குக் காவலாக எகிப்துப் பெண்கள் வீட்டில் வைத்துக் கும்பிட்ட தவரெத் அது. செங்கம்மாளின் வாயில் அவள் 'பெரிய வவுத்தா'.

அந்தச் சாமிக்கு முதலில் தொட்டில் கட்டியது குப்பத்தில் மீன் விற்கும் வேண்டா. தோப்பின் குறுக்கே கூடையோடு போகிறவள், ஒருநாள் நின்று பார்த்தாள்; யார், என்ன என்று ஒருவரையும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை புடவைத் துணியில் ஒரு கல்லை வைத்துத் தொட்டிலாக அந்த முதலை வாலில் கட்டிவிட்டுப் போனாள். அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்த செய்தி குப்பத்தைத் தாண்டிக் கோவளம் வரை போயிற்று. கல்யாணம் கூடிவரத் திருவிடந்தைப் பெருமாள், அதற்கு மேலே ஆகவேண்டியதற்கு எகிப்துத் தோப்பு அம்மன் என்று பெண்கள் தாங்களாகவே ஏற்பாடு செய்துகொண்டார்கள். தீனதயாளன் ஒருமுறை வந்து பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். "இத்தன சாமி நிக்கிறப்ப, ஆள் மாறாம கரெக்டா புடிச்சிருக்காங்க பாருங்க!"

யாரையும் உள்ளே விடக்கூடாது என்பதுதான் செங்கம்மாளுக்கு இட்ட வேலை. வெள்ளிக்கிழமைகளில் அவள் கண்ணுக்கு யாரும் தெரிவதில்லை. "செருப்ப கயட்டாதீங்க, ஆணி கெடக்குது" என்று மட்டும் கத்துவாள். சாமி முன்னால் செருப்போடு யார் நிற்பார்கள்? கழற்றத்தான் கழற்றுவார்கள். அதனால் வெள்ளிதோறும் விடிந்ததும் அந்தத் தெருவில் மட்டும் காந்தம் இரண்டு தரம் போய்வரும்.

ஆனால் பெற்ற மகளை அவள் அந்தத் தெருவுக்குள் விடவில்லை.

கவியாவைப் படாளத்தில் மணிக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறது. தங்கமான பையன். நாலைந்து வருடமாகியும் வயிறு திறக்கவில்லை. செங்கல்பட்டில் பார்த்தார்கள், சென்னையிலும் பார்த்தார்கள். போன ஆடிக்கு வந்தவள், தன் கையால் தைத்த மஞ்சள் துணித் தொட்டிலைப் பையிலிருந்து எடுத்தாள். செங்கம்மாளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"நானே பிளாஸ்டர் கொழச்சி, நானே கோணிய திணிச்சி செஞ்ச பொம்மடி அது. அது வவுத்துல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாதா? கோணிதான் கீது."

"என் வவுத்துல மட்டும் இன்னாம்மா கீது?" என்று கேட்டாள் கவியா. தொட்டிலைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. போன் போட்டால் மருமகன்தான் எடுக்கிறான்.

ஊரார் பெண்களுக்கு ஆணி பொறுக்கிய கை, மகளை ஏன் தடுத்தது? பயம்தான், வேறென்ன. "மத்தவளுங்க ஏமாந்தா பாவம்னு சொல்லிட்டுப் பூடுவேன். இவ ஏமாந்தா நான் தாங்க மாட்டேன்" என்று ஒருநாள் வேண்டாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். வேண்டா மீனை அலசிக்கொண்டே, "ஏமாந்தா ஏமாந்துட்டு போறா. கட்டவாச்சும் உட்டிருக்கலாம்ல?" என்றாளாம். அது செங்கம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தது.

பொங்கல் முடிந்த கையோடு நிலத்துக்காரரின் ஆள் உலகநாதன் வந்தார். தோப்பு கைமாறிவிட்டது, வருகிற திங்கட்கிழமை செட்டை இடிக்கிறார்கள். செங்கம்மாள் தனக்காக எதுவும் கேட்கவில்லை. "தொட்டில மட்டும் நான் அவுத்து எட்த்துக்கிறேன். உங்க ஆளுங்க கை வெக்க வேணாம்" என்றாள். அவரும் சரி என்றார். இரண்டு நாளாக ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்து, ஒரு தொட்டிலும் தரையில் படாமல், கேட்டுக்கு வெளியே இருக்கும் வேப்பமரத்தில் கொண்டுபோய்க் கட்டினாள். அன்று சாயங்காலம் மருமகனுக்குப் போன் போட்டாள். "திங்கக்கெழம இடிக்கிறாங்க. அவகிட்ட சொல்லு" என்று மட்டும் சொன்னாள். "சொல்றேன் அத்த" என்றான் மணி.

திங்கட்கிழமையும் வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். சம்மட்டியும் கடப்பாரையுமாக வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போனார்கள். ராஜாக்கள் முதலில் சாய்ந்தார்கள். ஆட்டுத்தலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. கேட்டுக்கு வெளியே குப்பத்துப் பெண்கள் கூடி நின்றார்கள். செங்கம்மாள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஒன்று வந்து நின்று, யாரையும் இறக்காமல் போயிற்று.

ஏழைகள் தெருவுக்கு ஆட்கள் வந்தார்கள். ஒருவன் கடப்பாரையை ஓங்கிப் பெரிய வவுத்தாவின் வயிற்றில் ஒரு போடு போட்டான். பிளாஸ்டர் பிளந்து, உள்ளேயிருந்து மக்கிய கோணி பிதுங்கி வெளியே தொங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் கேட்டருகே கூட்டம் விலகியது. கவியா. கையில் மஞ்சள் துணி. செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவுக்குள் கால் வைத்துவிட்டாள்.

செங்கம்மாள் ஓடினாள். கடப்பாரைக்காரனை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுச் சிலைக்கு முன்னால் போய் நின்றாள். கோணியை இரண்டு கையாலும் உள்ளே தள்ளினாள். போட்டிருந்த சட்டையைக் கழற்றி அந்த வயிற்றின் மேல் போர்த்தி, சட்டைக் கைகள் இரண்டையும் பின்னால் கொண்டுபோய் முதலை வாலுக்குக் கீழே இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"இன்னாம்மா பண்ற?" என்று குரல் கொடுத்தார் உலகநாதன்.

"இருங்க. எம் பொண்ணு வந்துகினு கீது" என்றாள் செங்கம்மாள். சொல்லிவிட்டு, கிழிசல் எங்காவது தெரிகிறதா என்று பார்த்து, சட்டையின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டாள்.