பச்சைச் சாயத்துக்குள் யார்

ஒரு தொடரில் விண்கலத்துக்குத் தலைவனாக இருந்தவன் இன்னொன்றில் டிராகன் வளர்க்கும் ராஜாவுக்கு மந்திரியாக வருவான். மூன்றாவதில் முகமெல்லாம் பச்சைச் சாயம் பூசி, நெற்றியில் கொம்பு ஒட்டிக்கொண்டு, ஏதோ கிரகத்து ஆளாக உறுமுவான். எந்த வேஷத்தில் வந்தாலும் என் கணவர் பிடித்துவிடுவார். "கண்ணப் பாரு, அந்த மந்திரிதான் இவன்" என்பார். எல்லாம் தமிழில் குரல் கொடுத்த வெளிநாட்டுத் தொடர்கள். நடிகர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. மந்திரி, மந்திரவாதி, முதல் வாரமே செத்துப்போன டாக்டர் என்று நாங்களாக வைத்த பெயர்கள்தான்.

நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். யாரைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோளும் கழுத்தும்தான் கண்ணில் படும். அவர் ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டினார். ஒரு தடவை பார்த்த முகம் அவருக்கு மறக்காது. சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து டீ குடித்ததும் எங்கள் போட்டி ஆரம்பமாகும். தோற்றவர் எழுந்துபோய்த் தண்ணீர் மோட்டாரை நிறுத்த வேண்டும். பத்துக்கு எட்டு தடவை நான்தான் எழுந்துபோவேன். பிள்ளை இல்லாத வீட்டில் அந்த ஒரு மணி நேரம்தான் சத்தமான நேரம்.

இந்தப் பொங்கலுக்குப் பிறகு அவர் தோற்க ஆரம்பித்தார். ஒரு நாள் ஓர் இளவட்ட விஞ்ஞானி வந்தான். இவர் சட்டென்று, "அந்தக் கிழட்டு மந்திரவாதிதானே இது?" என்றார்.

"உங்களுக்கு என்ன ஆச்சு? அவனுக்கு எழுபது வயசு. இவனுக்கு மீசையே ஒழுங்கா முளைக்கல."

"வேஷம்னா அப்படித்தான்" என்று சமாளித்தார்.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுத்த வாரமும் அதே கூத்து. பக்கத்து வீட்டு அக்காவிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே நாலு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பங்குனியில் ஒரு சாயங்காலம், கல்யாண வீட்டு ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தேன். டிவியில் யாரோ பேச, தலை நிமிராமலே "மந்திரவாதி வந்துட்டான்" என்றேன். "ஆமா" என்றார் அவர். நிமிர்ந்து பார்த்தால், பேசிக்கொண்டிருந்தவன் யாரோ ஒரு தடித்த சிப்பாய். தமிழில் குரல் கொடுத்தவர் மட்டும் அதே ஆள். நான் பார்க்காமல் கேட்டேன், ஏமாந்தேன். அவர் டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

என் கை நின்றுவிட்டது. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை மட்டும் அணைத்தேன். திரை முழுக்க ஒரு முகம் வந்தது. அந்தப் பழைய மந்திரியின் முகம், ஒரு பொட்டு சாயம்கூட இல்லாமல்.

"இது யாருங்க?"

தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். "சத்தத்த வையி, சொல்றேன்."

"சத்தம் இல்லாம சொல்லுங்க."

ரிமோட்டுக்குக் கை நீட்டினார், நான் கொடுக்கவில்லை. பிறகு, "பொங்கலுக்கு முன்னாடிலேருந்து இப்படித்தான். நடுவுல புகை மாதிரி நிக்குது. ஓரமெல்லாம் தெரியுது. ரோடு தெரியுது. முகம்தான் தெரியல" என்றார்.

பதினாலு பிள்ளைகள். வாய்க்காலை ஒட்டியே போகும் ரோடு. எதிரே நெல் மூட்டை லாரி வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. அவர் மேல் வந்த கோபத்தில் டிவியையே அணைத்தேன்.

"நாளைக்கு நீங்க வண்டி எடுக்கக் கூடாது."

"பரீட்ச முடியட்டும். ரெண்டு வாரம்தான். அந்தப் பிள்ளைங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அது எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் எதிரிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். கண் என்று சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. உடம்பு சரியில்லை, இனிமேல் வரமாட்டார் என்றேன். மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை.

தஞ்சாவூரில் கண் டாக்டர் சர்க்கரை என்றார். விழித்திரையில் கசிவு, போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். சிரித்துக்கொண்டிருந்தேன் என்றா சொல்வேன்?

பத்து நாள் கழித்து, வேனில் வரும் எல்.கே.ஜி. பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, நீங்க திரும்ப வாங்கண்ணே. புது டிரைவர் பிள்ளைய இறக்கிவிட்டுட்டு அவர் பாட்டுக்குப் போயிடுறாரு. நீங்கன்னா, நான் வாசல்லயே நின்னாக்கூட, பிள்ளை பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் கதவையே தொறப்பீங்க. இந்தப் பொறுப்பு வேற யாருக்கு வரும்?"

நான் காப்பி போடும் சாக்கில் உள்ளே நழுவப் பார்த்தேன். அந்த நல்ல பேரை அவர் வாங்கி வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"பொறுப்பு இல்லம்மா. எனக்கு உன் முகம் தெரியல. நிக்கிறது நீதானான்னு தெரியாமத்தான் கூப்பிடச் சொன்னேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, மூணு மாசத்துக்கு மேல அப்படித்தான் ஓட்டுனேன்."

அவள் பிள்ளையை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, விடுவிடுவென்று தெருவில் நடந்தாள். பிள்ளை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே போனது.

"பாப்பா உங்களுக்கு டாட்டா காட்டுதுங்க" என்றேன்.

அவர் வாசலுக்கு வந்து கையைத் தூக்கி ஆட்டினார். அதற்குள் அவர்கள் தெருமுனை திரும்பிவிட்டார்கள். போய்விட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் ஆட்டிக்கொண்டே இருந்தார்.