உங்க விசா எப்ப முடியுது?

தங்கள் பிள்ளையை ஏன் ஃபார்வர்டாகப் போடவில்லை என்று சண்டைக்கு வரும் அப்பாக்களிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். "சார், உங்க விசா எப்ப முடியுது?" பாதிப் பேர் அத்தோடு அடங்கிவிடுவார்கள். மீதிப் பேர், "அதுக்கும் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்று எகிறுவார்கள். சம்பந்தம் நிறையவே இருந்தது.

ஷார்ஜாவில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு காலி மணல் மனை. வெள்ளிக்கிழமை காலை ஆறரையிலிருந்து பதினொன்று வரை அது எங்கள் மைதானம். அதன் பிறகு தொழுகைக்கு வருகிறவர்களின் கார்கள் வந்து நிறைந்துவிடும். பத்து வயதிலிருந்து பதினான்கு வரை, ஆணும் பெண்ணுமாகப் பதின்மூன்று பிள்ளைகள். ஆட்டம் ஏழு பேர் ஆடுகிற சின்ன ஆட்டம், நாங்கள் சிறுவர் லீக்கில் இரண்டாம் பிரிவு. மூன்றாம் பிரிவு என்று ஒன்று கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் கோவில்பட்டிக்காரன், கல்லூரி அணியில் ஆடியவன். பிழைப்பு துபாய் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில், சூப்பர்வைசராக. என் மகனுக்காகத்தான் இதை ஆரம்பித்தேன். அவன் படிக்க ஊருக்குப் போன பிறகும் நான் ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். பிள்ளைகள் என்னை "கோச் அங்கிள்" என்றார்கள்.

முதல் இரண்டு வருஷம் மற்ற கோச்சுகளைப் போலத்தான் நானும் ஆளுக்கு ஓர் இடம் என்று பிரித்துக் கொடுத்தேன். ஒருத்தன் ஃபுல் பேக், ஒருத்தி சென்டர் ஹாஃப். சீசன் பாதியில் ஃபுல் பேக்கின் அப்பாவுக்கு குவைத்துக்கு மாற்றல் வரும். சென்டர் ஹாஃபின் அப்பா வேலை பார்க்கும் கம்பெனியை மூடிவிடுவார்கள். அந்த இடத்தில் நிற்கத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள், ஆறு கோல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். அப்போதுதான் ஒரு சட்டம் போட்டேன். நான்கு வாரத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் இடம் மாறும். கோல் கீப்பர் ஃபார்வர்டுக்குப் போவான், ஃபார்வர்டு வந்து கீப்பரின் கால் பேடைக் கட்டுவான். யார் எப்போது விமானம் ஏறினாலும் அந்த இடத்துக்கு இரண்டு பேராவது தயாராக இருக்க வேண்டும்.

புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் மாதம் பந்தை அடிக்க அனுமதி கிடையாது. நிறுத்த மட்டும்தான் வேண்டும். ஓங்கி அடிக்க எந்தப் பிள்ளைக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை, கையில் ஸ்டிக்கைக் கொடுத்தாலே அது வந்துவிடும். வருகிற பந்தைக் குனிந்து, முழங்கால் மடக்கி, சத்தமில்லாமல் வாங்குவதற்குத்தான் பொறுமை வேண்டும். லபன் என்கிற மோர் வரும் காலி பாட்டில்களில் மணல் நிரப்பி வரிசையாக நட்டுவைப்பேன், அவற்றுக்கு நடுவே பந்தை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். மணலில் பந்து நேராக வராது, துள்ளும், திரும்பும். ஒருத்தன் தரையைக் குறை சொன்னபோது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அதை ஆங்கிலத்தில் விளக்கி முடிப்பதற்குள் இடைவேளை தீர்ந்து போயிற்று. ஆனால் அந்தக் கோணல் தரையில் பழகிய பிள்ளைகள் பள்ளிக்கூடங்களின் செயற்கைப் புல்லில் ஆடப் போனபோது, பந்து அவர்கள் ஸ்டிக்கில் வந்து அடக்கமாக உட்கார்ந்தது. அதைப் பார்க்கவே நான் ஆறு வருஷம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் மிகையில்லை.

இப்போது எனக்கு ராஸ் லஃபானில் வேலை. இங்கே கத்தாரில் வெள்ளிதான் விடுமுறை. காலை ஆறு மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது, எழுந்து போகத்தான் இடமில்லை. மனைவி ஊரில். ரூமில் உடன் தங்கியிருக்கும் மற்ற இருவரும் தூங்குவார்கள். நான் ஒரு கோப்பை தேநீரோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அந்த மனையின் ஈர மணல் வாசனையை நினைத்துக்கொண்டிருப்பேன். அங்கே, தூசி அடங்கட்டும் என்று பக்கத்துக் கட்டட வாட்ச்மேன் குழாய் போட்டு நனைத்துத் தருவார்.

சட்டம் போட்டவனே ஒரு முறை சட்டத்தை மீறினேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று, பன்னிரண்டு வயதுப் பெண். பேடைக் கட்டிக்கொண்டு கோலில் நின்றால் எறும்பு போக வழியிருக்காது. இடம் மாற்றினால் முகத்தைத் தூக்கிக்கொள்வாள். நானும் ஜெயிக்கிற ஆசையில் அவளை அங்கேயே விட்டுவிட்டேன். மார்ச் மாதம், கடைசி ஆட்டத்தன்று காலை, அவள் வரவில்லை. முந்தின நாளே குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டார்களாம். பேட் பை மட்டும் வாட்ச்மேனிடம் இருந்தது. வேறொரு பையன் நடுங்கிக்கொண்டே கோலில் நின்றான், ஏழு கோல்.

அவளுடைய அப்பாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "ஒரு மாசம் முந்திச் சொல்லியிருந்தா இன்னொரு பிள்ளையத் தயார் பண்ணியிருப்பேன்ல? நீங்க ஒளிச்சு வச்சதுல இத்தனை பிள்ளைக நட்டாத்துல நிக்குதுக."

"வேலை போனதை வெளியில சொல்ல வெக்கமாக் கிடந்தது அண்ணை," என்றார். "பிள்ளை கடைசி நாள் வரைக்கும் சந்தோசமா விளையாடட்டும் எண்டு விட்டிட்டன்."

அது எனக்கு அன்று நியாயமாகப் படவில்லை. பெரிய மனுஷன் மாதிரி இன்னும் நாலு வார்த்தை சொல்லித்தான் போனை வைத்தேன்.

மறு வருஷம் ஜனவரியில் எங்கள் கிடங்கை மூடப்போவதாகக் கடிதம் கொடுத்தார்கள். எனக்கு மார்ச் கடைசி வரை டியூட்டி, பிறகு விசா கேன்சல். நான் அதை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். அணியில் யாரிடமும் சொல்லவில்லை.

காரணம் இருந்தது. சொன்ன மறுநாளே வசதியுள்ள அப்பாக்கள் பிள்ளைகளைக் காசு வாங்கும் அகாடமிகளுக்கு மாற்றிவிடுவார்கள். ஏழெட்டுப் பேர் போனால் அணி அங்கேயே கலைந்தது. அகாடமிக்குப் போக முடியாத பிள்ளைகள் ஐந்து பேர், அவர்களுக்கு வெள்ளிக்கிழமை என்பதே இந்த மணல்தான். சொல்லாவிட்டால் சீசன் முடிகிற வரையாவது ஆடுவார்கள். அதற்குப் பிறகு? பதிவு செய்த கோச் இல்லாத அணியை லீக்கில் சேர்க்க மாட்டார்கள். சொன்னாலும் அணி போகும், சொல்லாவிட்டாலும் போகும். இரண்டில் தள்ளிப்போகிறதை எடுத்துக்கொண்டேன்.

"போன வருஷம் அந்த மனுஷனை என்ன பேச்சுப் பேசினீங்க," என்றாள் என் மனைவி. "ஊருக்குத்தான் உபதேசமா?"

வெள்ளிக்கிழமை வந்ததும் பாட்டில்களை நட்டேன், விசில் ஊதினேன். யார் எந்த இடத்தில் எத்தனை வாரம் நின்றார்கள் என்பது எனக்கு எப்போதும் மறந்துபோகும். அதை ஒரு நோட்டில் எழுதிவைப்பது அப்போது லெஃப்ட் பேக்கில் நின்ற பெண்ணின் அம்மாதான். திருச்சிக்காரர், மருந்துக்கடையில் வேலை, ஸ்டிக்கைத் தொட்டதே இல்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "சார், இவன் போன மாசமும் இங்கதான் நின்னான்," என்பார். அந்த இரண்டு மாதமும் அவர் என்னிடம் கேள்வியாகக் கேட்டார். குனிந்து வாங்கச் சொல்வது ஏன், முதலில் நிறுத்தம் ஏன், கார்னருக்கு ஏன் இப்படி நிற்க வேண்டும். பொழுது போகாமல் கேட்கிறார் என்று நினைத்து நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கடைசி ஆட்டத்தில் ஜெயித்தோம் என்று எழுத ஆசைதான். ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம், ஆறு அணிகளில் நான்காவது. பிள்ளைகள் ஷின் கார்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள், அம்மாக்கள் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த சீசனுக்கு இருக்க மாட்டேன் என்றேன்.

"தெரியும் அங்கிள்," என்றாள் நோட்டு எழுதுகிற அம்மாவின் மகள், தலையை நிமிர்த்தாமலே.

"எப்ப இருந்து?"

"ஜேன்யுவரி."

அவளுடைய அம்மா நோட்டை மூடினார். "உங்க வேர்ஹவுஸ் மூடுறது எங்க வீட்டுக்காரருக்கு அன்னிக்கே தெரியும் சார். அவர் ஆபீசும் அங்கதான். நீங்களா சொல்லட்டும்னு யாரும் கேக்கல. பிள்ளைங்ககிட்டயும் கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டோம்."

பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதைதான். பதின்மூன்று பிள்ளைகள், அவர்களுடைய வீட்டார், எல்லோரும் இரண்டு மாதமாக நான் நடித்ததைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார்கள். ஒருவர்கூடப் பிள்ளையை அகாடமிக்கு மாற்றவில்லை. அதைவிடப் பெரிய செய்தியை அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். டியூட்டி முடிந்து வந்து ஆன்லைனில் கோச்சிங் கோர்ஸ் படித்திருக்கிறார். லீக்கில் அவர் பெயரைப் பதிவும் செய்தாகிவிட்டது. "கோச் இல்லன்னா சேத்துக்க மாட்டாங்களாமே சார். அதான்."

நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். கும்பிடவும் செய்தேன். ஆனால் உள்ளே வலித்தது, பொய் சொல்வானேன். என்னை விட்டால் ஆளில்லை என்று எவ்வளவு ஆசையாக நம்பிக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் யாழ்ப்பாணத்துக்காரருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். மகள் அங்கே பள்ளி அணியில் நிற்கிறாள் என்றார். எந்த இடத்தில் என்று கேட்டேன். கோலில்தான் என்றார்.

விமானத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. போகக் கூடாது என்றுதான் படுத்திருந்தேன், ஏழு மணிக்குக் கால் தானாகப் போய்விட்டது. ஓரத்தில் ஒரு காரின் நிழலில் நின்றேன். அந்த அம்மா விசில் ஊதினார், சின்னச் சத்தம். பிள்ளைகள் எல்லோரும் அவர் பக்கம் ஓடினார்கள். பாட்டில்களை இடைவெளி விட்டு நட்டிருந்தார், கொஞ்சம் அதிக இடைவெளிதான். நான் வாயைத் திறக்கவில்லை. என் பிள்ளைகள் இரண்டு பேர் தூரத்திலிருந்து கையாட்டிவிட்டுப் பந்துக்குத் திரும்பினார்கள்.

அன்றைக்குத்தான் முதல் நாளாக வந்திருந்த ஒரு சின்னப் பெண் இருந்தாள், பத்து வயது இருக்கலாம். அவள் விட்ட பந்து ஒன்று உருண்டு என் காலடிக்கு வந்தது. ஸ்டிக்கை அவள் உயரத்துக்குப் பெரிதாக வாங்கிக் கொடுத்திருந்தார்கள், இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். பந்தை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அங்கிள், நீங்க யாரோட டாடி?"

"யாரோட டாடியும் இல்ல கண்ணு," என்றேன். "சும்மா பாக்க வந்தேன்."