உள்ளே ஆள் இருக்கா?

சங்கக்கா என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிட்டார்கள். சங்கு ஊதுவது போன்ற குரல்தான் காரணம். மேல்மாடியில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பீடி பற்றவைத்தவன் அணைத்துவிட்டு ஓடிவருவான்.

அலுவலகக் கட்டடங்களை ஆண்டுக்கு ஒருமுறை அடியோடு அலசிக் கழுவுவது அவள் வேலை. தினமும் கூட்டித் துடைக்கிறவர்கள் வேறு. சங்கக்காவின் ஆட்கள், ஆண்டு விடுமுறைக்கு அலுவலகம் மூடியிருக்கும் வாரத்தில் வருவார்கள். திரைகளைக் கழற்றுவார்கள். விளக்குக் கூடுகளில் செத்துக் கிடக்கும் பூச்சிகளைக் கொட்டுவார்கள். கம்பளத்துக்குள்ளிருந்து கறுப்புத் தண்ணீரை மெஷினால் உறிஞ்சி எடுப்பார்கள். நாற்காலிகளைக் கவிழ்த்து, சக்கரங்களில் சுற்றிக்கிடக்கும் தலைமுடியைப் பிளேடால் அறுப்பார்கள்.

"இந்த ஆபீஸ்ல வேலை நடக்குதோ இல்லியோ, எல்லாருக்கும் முடி மட்டும் நல்லாக் கொட்டுது" என்பாள் சங்கக்கா.

தரை அவள் பொறுப்பு. பழைய பாலீஷை மருந்து ஊற்றி இளக்கி, சுரண்டி, கழுவி, காயவிட்டு, புதுப் பாலீஷை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச வேண்டும். ஈரத்தில் ஒரு கால் பட்டால் தடம் விழும். காய்ந்த பிறகு அது போகாது. திரும்பவும் முழுக்கச் சுரண்ட வேண்டியதுதான். அதனால் தரையை ஈரமாக்கும் முன்பும், ஈரத் தரைக்காக ஒரு கதவைப் பூட்டும் முன்பும், ஒருவர் கடைசிவரை நடந்துபோய் ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று குரல் கொடுக்க வேண்டும்.

"உள்ளே ஆள் இருக்கா?"

பதில் வராவிட்டாலும் எட்டிப் பார்க்க வேண்டும். யாரும் எழுதி ஒட்டிய விதி அல்ல. ஆனால் அந்தத் தொழிலில் அதைச் செய்யாதவனை மனுஷனாக மதிக்க மாட்டார்கள்.

தங்கையும் அதே குழுவில் இருந்தாள். தாய் போன பிறகு அவளுக்குத் தலைவாரி, சோறு ஊட்டி வளர்த்தவள் சங்கக்காதான். சொந்தமாக ஒரு மகள் பிறந்த பிறகும் தங்கைதான் வீட்டில் மூத்த பிள்ளை.

"அக்கா, நீ கத்துற கத்துக்கு ஈரத் தரை பயந்தே காஞ்சிரும். மெஷின் எதுக்கு?" என்பாள்.

"வாயைக் குறைச்சுட்டுக் கையை ஆட்டுடி."

கட்டடத்துக்கு ஒரு மேனேஜர் இருந்தார். இடுப்பில் தொங்கும் கனத்த சாவிக்கொத்து அவருக்கு முன்னால் சத்தம் போட்டுக்கொண்டு வரும். வெளிக் கண்ணாடி துடைக்கும் வயதானவரை எல்லோரும் கண்ணாடி மாமா என்பார்கள். "சலங்கை கேக்குது, ஒழுங்கா வேலை செய்யுங்கம்மா" என்று எச்சரிப்பது அவர்தான்.

அந்த ஆண்டு தங்கைக்குக் கிடைத்தது அடித்தளத்துக் கழிப்பறை. ஆசிட் ஊற்றிக் கறை எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்றம் போகட்டும் என்று அங்கிருந்த வடிகால் துளைகளிலெல்லாம் காலையிலேயே பிளீச்சிங் கரைசலை ஊற்றச் சொல்லியிருந்தார் மேனேஜர். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டும் கலந்தால் எழும் புகை நெஞ்சை அரித்துவிடும். ஆனாலும் உடனே வெளியே ஓடினால் பிழைத்துக்கொள்ளலாம்.

மேலே முகப்புக் கூடத்தில் சங்கக்கா அப்போதுதான் பாலீஷ் பூசி முடித்திருந்தாள். கீழேயிருந்து யாராவது ஏறிவந்து மிதித்துவிடுவார்கள் என்று மேனேஜர் அடித்தளப் படிக்கட்டுக் கதவைப் பூட்டினார். குரல் கொடுக்கவில்லை. சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

கதவு தட்டப்படும் சத்தத்துக்குச் சங்கக்கா ஓடினாள். இழுத்தாள், உதைத்தாள். இரும்புக் கதவு அசையவில்லை. கண்ணாடி மாமா கயிற்றிலிருந்து இறங்கி மேனேஜரைத் தேடி ஓடினார். மேனேஜர் கைகழுவிவிட்டு வந்து திறந்தபோது தங்கை கதவை ஒட்டியே கிடந்தாள். விரல் நகங்களில் கதவின் பச்சைப் பெயிண்ட் இருந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்து அவள் திரும்பவில்லை.

விசாரிக்க வந்தவர்களிடம் மேனேஜர் நிதானமாகச் சொன்னார்: "கதவு திறந்துதான் இருந்துச்சு. நடந்து வெளிய வந்திருக்கலாம். பதட்டத்துல வழி தெரியல, பாவம். ரெண்டு மருந்தையும் கலந்ததும் அந்தப் பொண்ணுதான்."

சங்கக்கா சொன்னதை, கூடப்பிறந்தவள் வேறு எப்படிச் சொல்வாள் என்று ஒதுக்கினார்கள். கண்ணாடி மாமாவைக் கேட்டார்கள். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டு, "நான் வெளிய தொங்கிக்கிட்டு இருந்தேங்க. ஒண்ணும் பாக்கல" என்றார். வேலை போய்விடும் என்ற பயம். சங்கக்கா அவரைத் திட்டவில்லை. பேசவும் இல்லை.

தீ எச்சரிக்கை மணி பொருத்தும் படிப்பு முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மகள் சொல்லிப் பார்த்தாள். "நான் சம்பாதிக்கிறேன்ல. அந்தக் கட்டடத்துக்கு இனிப் போகாதம்மா."

"நான் போகலேன்னா அவன் நிம்மதியாத் தூங்குவான்டி."

"போய் என்ன பண்ணப் போற?"

"தரை போடப் போறேன்."

அடுத்த ஆண்டு விடுமுறை வாரம் வந்தது. கடைசி நாள் மத்தியானம் முதலாளி வந்து கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. மேனேஜரின் அறை மேல்மாடியில், நீண்ட நடையின் கோடியில். ஏசி நிறுத்தியிருந்தது. ஜன்னல்கள் திறக்க முடியாத ஒற்றைக் கண்ணாடி. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். சங்கக்கா அவர் அறைக்குள் ஒரு வாளியை வைத்தாள். அதன் அருகே இரண்டு பாட்டில்களை வைத்தாள். பிறகு அவர் வாசலில் தொடங்கிப் பின்னால் நகர்ந்து நகர்ந்து, படிக்கட்டு வரை நடை முழுவதும் பாலீஷ் பூசினாள். தரை கண்ணாடியாக மின்னியது.

அவள் குரல் கொடுக்கவில்லை. வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

படிக்கட்டு முனையில் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டாள்.

மேனேஜர் வாசலுக்கு வந்து நின்றார். "ஏய், யாரு இதைப் பூசினது?"

"நான்தான் சார்."

"உள்ள நான் இருக்கேன்ல? குரல் குடுக்கணும்னு தெரியாது?"

"தெரியும் சார். உங்களுக்கும் தெரியும்."

அவர் முகம் ஒரு கணம் மாறியது. "எப்பக் காயும்?"

"காத்தே இல்லியே சார். ஃபேனெல்லாம் ஸ்டோர்ல கெடக்கு. ஸ்டோர் சாவி உங்க இடுப்புல."

சத்தம் கேட்டுக் குழுவினர் ஒவ்வொருவராகப் படியேறி வந்தார்கள். கண்ணாடி மாமாவும் வந்தார். மேனேஜர் திரும்பி அறையைப் பார்த்தார். வாளியும் பாட்டில்களும் கண்ணில் பட்டன.

"இது என்ன? எதுக்கு இங்க வச்சிருக்க?"

"அடடா, மறந்துட்டேன் சார். ஒண்ணு ஆசிட், ஒண்ணு பிளீச்சிங். வாளியில என்ன ஊத்தினேன்னுதான் ஞாபகம் வரல. பதட்டத்துல ஒண்ணும் தெரியல, பாவம்."

"விளையாடுறியா? மூச்சு முட்டுது எனக்கு!"

சங்கக்கா டீயை ஒரு வாய் குடித்தாள். "கதவு திறந்துதான் இருக்கு சார். நடந்து வெளிய வாங்க."

"மத்தியானம் முதலாளி வர்றார். தரை நாசமாயிரும்."

"அப்ப உள்ளயே இருங்க. தரை முக்கியமா, நெஞ்சு முக்கியமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். எங்க வீட்டுப் பிள்ளைக்கு அந்த முடிவையும் நீங்கதான பண்ணீங்க."

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். பாதி தூரத்தில் வழுக்கி முட்டிபோட்டு விழுந்தார். இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார். செருப்பு ஒன்று ஈரத்தில் ஒட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடிவந்தார். படிக்கட்டுக்கு வந்து, அத்தனை பேரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் அவமானம் தலைக்கேறியது.

"பாருடி, தரையைப் பாரு! இதுக்குத்தான் அன்னிக்கு நான் கதவைப் பூட்டினேன்! பூட்டலேன்னா உன் தங்கச்சியும் இப்படித்தான் எல்லாத்தையும் மிதிச்சு நாசம் பண்ணியிருப்பா!"

தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

கண்ணாடி மாமாதான் வாயைத் திறந்தார். "திறந்திருந்துச்சுன்னு சொன்னீங்களே சார். நானும் ஒண்ணும் பாக்கலேன்னு சொன்னேனே."

சங்கக்கா டம்ளரை உதறிக் கவிழ்த்தாள். "வாளியில இருக்கிறது குழாய்த் தண்ணி. பாட்டில் ரெண்டும் காலி. கழுவிக் காயவச்சதுதான்."

முதலாளி வந்தார். நடந்ததைக் குழுவே சேர்ந்து சொன்னது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அது அப்பவே முடிஞ்ச விஷயம். மறுபடியும் சுரண்ட நேரமில்ல. மேல இன்னொரு பூச்சு குடுத்து மறைச்சு விடுங்க."

சங்கக்கா அதைத்தான் செய்தாள். ஆனால் மறைக்கவில்லை. தடங்கள் கலையாமல், ஓரம் சிதையாமல், மேலே மெல்லப் பூசினாள். ஒரு வெறுங்கால், ஒரு செருப்புக் கால், இரண்டு முட்டி, இரண்டு உள்ளங்கை. வெளிச்சம் சாய்வாக விழும்போதெல்லாம் நடையின் நடுவே ஒருவன் தவழ்ந்து ஓடியது தெரியும். விடுமுறை முடிந்து வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். யாருடையது என்று கேட்டார்கள். கண்ணாடி மாமா வேலையைவிட்டு நிற்கும்வரை, கேட்டவர்களுக்கெல்லாம் கதவைப் பற்றியும் சேர்த்தே சொன்னார். மேனேஜர் அதன்மேல் ஒரு விரிப்பைப் போட்டார். தரையைத் துடைப்பவர்கள் அதைச் சுருட்டி ஓரமாக வைத்தார்கள்.

கடைசியில் அவர் வேறு கட்டடத்துக்கு மாறிப் போனார்.

அவர் எங்கே போனார் என்று சங்கக்கா விசாரித்தாள். அந்தக் கட்டடத்தைக் கழுவும் கம்பெனி எது என்று விசாரித்தாள். அங்கே சேர்ந்தாள். அவளைப்போல் தரை போட ஆளில்லை. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. அந்த ஆண்டு விடுமுறை வாரத்தில், அவரது புது அறையின் வாசலில் போய் நின்றாள்.

"உள்ளே ஆள் இருக்கா?"

அவர் நிமிர்ந்தார். கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, அவளைப் பார்க்காமல், சுவரை ஒட்டி நடந்து வெளியேறினார். அவள் வேறெதுவும் செய்யவில்லை. ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. தொழிலில் செய்ய வேண்டியதைச் செய்தாள். அதற்கு யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

அவர் இன்னொரு கட்டடத்துக்கு மாறினார். அவளும் மாறினாள்.

வீட்டில் மகள் தட்டை எடுத்து வைத்துவிட்டு, அந்த வாரத்தில் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"எழுந்துட்டானாம்மா?"

"எழுந்துட்டான்."

பிறகு இருவரும் சாப்பிடுவார்கள். அந்த ஒரு நாள் சங்கக்கா இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொள்வாள்.

இந்த ஆண்டு விடுமுறை வாரத்துக்குக் கொஞ்சம் முன்னால், மாடியில் கையுறைகளைக் கழுவிக் கொடியில் மாட்டிவிட்டு இறங்கும்போது அவள் படியில் உட்கார்ந்தாள். எழவில்லை. மருத்துவர் இதயம் என்றார். மகள் எல்லாவற்றையும் முறையாக முடித்தாள். கையுறைகளை மட்டும் கொடியிலிருந்து எடுக்கவில்லை.

விடுமுறை வாரத்தில் அவள் கருவிப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆள் இல்லாத அந்த வாரத்தில்தான் அலுவலகங்களில் தீ எச்சரிக்கை மணிகளைச் சோதிப்பார்கள். மேனேஜர் இப்போது இருந்த கட்டடம் வேறொருவன் பட்டியலில் இருந்தது. கேட்டு மாற்றிக்கொண்டாள்.

கோடி அறை. அவருக்குத் தலை நரைத்திருந்தது. இடுப்பில் சாவிக்கொத்து இன்னும் இருந்தது. சங்கக்கா செத்த செய்தி அவருக்கு எட்டியிருக்க வேண்டும்; மேசைமேல் காலை நீட்டியபடி, கதவுக்கு முதுகைக் காட்டி, சுகமாகச் சாய்ந்திருந்தார்.

மகளுக்குத் தாயின் குரல் இல்லை. மெல்லிய, தட்டையான குரல்.

"உள்ளே ஆள் இருக்கா?"

கால்கள் மேசையிலிருந்து விழுந்தன. சாவிகள் குலுங்கின. திரும்பிப் பார்த்தார். தெரியாத முகம், தெரிந்த மூக்கு, தெரிந்த நெற்றி. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, சுவரை ஒட்டியே நடந்து, அவளைத் தாண்டிப் போனார். மூச்சு இரைத்தது.

அவள் ஏணியைப் போட்டு மணியைச் சோதித்தாள். சரியாக அடித்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்குப் போனாள். கொடியில் கையுறைகளின் விரல்களில் காற்று நிறைந்திருந்தது.

"எழுந்துட்டான்மா" என்றாள்.