புது ப்ளவ்வும் பொங்கல் கோலமும்

எங்கள் எஸ்யூவிக்கு முன்னால் பனியை வழித்துத் தள்ள சின்னதாக ஒரு ஸ்னோ ப்ளவ் மாட்டியிருக்கிறேன். நியூ ஜெர்சியில் இன்றுதான் அதற்கேற்ற பனி.

என் வீட்டு முன் கார் வரும் டிரைவ்வேயை முடித்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கேட்காமலேயே பக்கத்து வீட்டு வசந்தா ஆன்ட்டியின் டிரைவ்வேயையும் வழித்துத் தள்ளினேன்.

ஆன்ட்டி கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பொங்கலாச்சேன்னு காலைல நானே கொஞ்சம் ஷவல் பண்ணி, கோலம் போட்டிருந்தேனேப்பா!"

"ஐயோ, ஸாரி ஆன்ட்டி! வெள்ளையா தெரிஞ்சுது, மிச்சப் பனின்னு நினைச்சேன்."

"பரவால்லப்பா. டிரைவ்வே நல்லா க்ளீனா இருக்கு."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நானே திரும்பப் போட்டுத் தரேன் ஆன்ட்டி."

"முதல்ல அந்த வண்டிய அங்கேர்ந்து எடு."

எடுத்துவிட்டேன். இப்போது அவர் வாசலில் கோலமாவோடு நிற்கிறேன். புள்ளி வைக்கத் தெரிந்தவர்கள் யாராவது ஆன்லைனில் இருக்கிறீர்களா?