நூறு வீதப் பச்சைக் கோடு

வெள்ளவத்தையில், ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த தனியார் பட்டக் கல்லூரியில் என் உத்தியோகப் பெயர் பாட வடிவமைப்பாளர். விரிவுரையாளர்கள் தரும் பாடத்தை வெட்டி, வீடியோவாக்கி, படம் போட்டு, இணையத்தில் ஏற்றுவதுதான் வேலை. அதற்கு முன் நான் ஒருநாள்கூட வகுப்பெடுத்தவளில்லை. அது யாருக்கும் ஒரு குறையாகப் படவில்லை. எனக்கும் படவில்லை, வெட்கக்கேடு.

எங்கள் பணிப்பாளருக்குக் கரும்பலகை என்றாலே இளக்காரம். சிங்கப்பூரில் மூன்று நாள் கருத்தரங்குக்குப் போய்வந்த மனுஷன், வந்த கையோடு 'ஈடுபாடு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். மாணவரின் ஈடுபாட்டை அளக்க வேண்டுமாம். அளக்கும் வழியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வீடியோ முழுதும் ஓடினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். முன்னுக்குத் தள்ள முடியாது. பெயருக்குப் பக்கத்தில் வளரும் பச்சைக் கோடு எண்பது வீதத்தைத் தொடாவிட்டால் பரீட்சை அனுமதி அட்டை இல்லை. பணிப்பாளர் மேசையைத் தட்டிப் பாராட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பொடியள் ஒரே கிழமையில் விஷயத்தைப் பிடித்துவிட்டார்கள். சத்தத்தை நிறுத்தி, வீடியோவை ஓடவிட்டு, கடற்கரைக்குப் போனார்கள், கொத்துரொட்டி சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். ஏறக்குறைய எல்லாருக்கும் நூறு வீதம். பணிப்பாளர் அந்தப் பட்டியலை அச்சிட்டு வரவேற்பறையில் ஒட்டினார்.

பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்க, ஒரு பிள்ளை படியேறி வந்தாள். வீடு மட்டக்குளியில். ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் முற்றத்தில் லிகிதராகப் பதிவேடு எழுதிக்கொண்டு சரக்குப் போக்குவரத்து முகாமைத்துவம் படிப்பவள். அவளுடைய கோடு நாலு வீதம். அனுமதி அட்டை வரவில்லை. இந்தப் பரீட்சை தவறினால் அடுத்தது ஒரு வருஷம் கழித்து. அவளை நிரந்தரமாக்க வேலையிடத்தில் இந்தச் சான்றிதழைக் கேட்டிருந்தார்கள்.

"வீட்ல சிக்னல் இல்ல மிஸ். வீடியோ சுத்திக்கிட்டே நிக்கும். நோட்ஸ் தனியாத்தானே இருக்கு, அத மட்டும் இறக்கி, கொட்டாஞ்சேனைல பிரிண்ட் எடுத்துப் படிச்சேன்" என்று ஒரு கட்டுத் தாளை என் மேசையில் வைத்தாள்.

மூலைகள் சுருண்ட தாள்கள். ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. ஆறாம் பாடத்தில், சுங்கச் சோதனைக்கு முன்பே கொள்கலன் வெளியே போவதாக நான் வரைந்திருந்த அம்புக்குறியை வெட்டித் திருத்தியிருந்தாள். நூறு வீதக்காரர் ஒருவர்கூட அந்தப் பிழையைச் சொல்லவில்லை.

கட்டைத் தூக்கிக்கொண்டு பணிப்பாளரிடம் போனேன். ஒரு தாளைக்கூட அவர் புரட்டவில்லை.

"ஒருத்திக்கு விட்டால் எல்லாரும் வருவினம். சிஸ்டம் நாலு எண்டால் நாலுதான். நீங்கள்தானே அதைச் செய்தனீங்கள்?"

அந்தாளின் முகத்திலேயே தாள்களை எறிய வேண்டும்போல் இருந்தது. "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அவள் வேலையிடத்தில் இரண்டு நாள் லீவு போட்டாள். எங்கள் கணினி அறையில் அவளை இருத்தினேன். திரையில் வீடியோ சத்தமில்லாமல் ஓடியது. அவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் தாள்களைப் படித்தாள். அடுத்த பக்கம் திறக்க மட்டும் திரும்பி ஒரு அழுத்து அழுத்துவாள். இரண்டாம் நாள் பின்னேரம் கோடு நூறைத் தொட்டது. பணிப்பாளர் எட்டிப் பார்த்தார்.

"பாத்தீங்களோ, மனம் வைச்சால் ஏலும்."

மடையன்.

அனுமதி அட்டையை அச்சிட்டுக் கொடுத்தேன். அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மிஸ், நீங்க இந்த வீடியோவ ஒருக்கா சரி முழுசாப் பார்த்தீங்களா?"

அதில் கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பார்த்தேன் என்றேன். அவள் படியிறங்கிப் போன பிறகு, ஊழியர் பெயர்களும் இருந்த பட்டியலைத் திறந்து என் பெயரைத் தேடினேன். முதல்நாள் வந்தபோது அவளிடம் நாலு வீதமாவது இருந்தது. எனக்குப் பூச்சியம்.